பின்சீட்டுக்குக் காஜா

எங்கள் காரைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே பேச்சைத்தான் பேசுகிறார்கள். நேற்று ஷோரூமிலிருந்து எடுத்த மாதிரியே வைத்திருக்கிறீர்களே என்கிறார்கள். அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரருக்கு முகம் மலர்ந்துவிடும். எனக்கு அடிவயிற்றிலிருந்து பற்றிக்கொண்டு வரும்.

காலையில் எழுந்ததும் அவருக்கு முதல் சோலி வண்டியைத் துடைப்பது. அதற்கென்று தனியாக ஒரு மஞ்சள் துணி. அதில் வேறு யாரும் கை துடைத்துவிடக் கூடாது. கண்ணாடி, கதவு, கைப்பிடி, சக்கரத்தின் வெள்ளித் தட்டு என்று ஒவ்வொன்றாகத் துடைத்து, உள்ளே இருக்கும் சின்னப் பிள்ளையாருக்கு ஒரு அரளிப்பூ வைத்து, சற்றுப் பின்னால் தள்ளி நின்று பார்ப்பார். கல்யாணமான புதிதில்கூட என்னை அப்படி நின்று பார்த்ததில்லை. ஆனால் டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று கேட்டால் செருப்புக் காலால் ஒரு உதை விட்டு, "கல்லு மாதிரி இருக்கு" என்பார். வைப்பர் ரப்பர் வெயிலில் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது, மாற்றுங்கள் என்றால், "மழை வரட்டும்" என்பார். மழை வரும். அப்போது கண்ணாடியில் எருமை நக்கின மாதிரி அது இழுத்துக்கொண்டு போகும். முன் டயர் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டதே என்று ஒருநாள் கேட்டதற்கு, "அது வெளியே தெரியாதுல்லா" என்று என்னிடமே சொன்னார். அவருடைய பராமரிப்பு முழுவதும் அந்த ஒரு பதிலுக்குள் அடங்கிவிடும்.

நான் பாளையங்கோட்டையில் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். என் தொழிலில் உள் தையல்தான் தையல். வெளியே ஜரிகையும் மணியும் எவ்வளவு வைத்தாலும், உள்ளே பிடிமானம் இல்லாவிட்டால் பந்தியில் பரிமாறக் கையைத் தூக்கும்போது அக்குளில் விட்டுவிடும். விட்டால் மறுநாள் காலையில் கொண்டுவந்து என் மேஜையில் எறிவார்கள். அதனால் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் திருப்பிப் பார்ப்பது எனக்குப் பழக்கம். எங்கள் இரண்டு பேருக்கும் நடக்கிற சண்டைகளில் பாதி இதில்தான் தொடங்கும். எனக்கும் கார் ஓட்டத் தெரியும், லைசென்ஸ் இருக்கிறது. ஊருக்குள் கடை கண்ணிக்கு என்றால் சாவியைத் தருவார். வெளியூர் என்றால் தர மாட்டார். நான் ஓட்டினால் கிளட்ச் தேய்ந்துவிடுமாம்.

வண்டி வந்த புதிதில் சீட்டின் மேலிருந்த பாலித்தீன் உறையை எடுக்க விடவில்லை. உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம் கேட்கும், சித்திரை வெயிலில் முதுகில் ஒட்டிக்கொள்ளும். எடுத்தால் புதுசு கலைந்துவிடுமாம். அது தானாகக் கிழிந்து தொங்கிய பிறகுதான் பேட்டையில் ஒரு சீட் கவர் கடைக்கு வண்டியைக் கொண்டுபோய் விட்டார். நான் அன்று கடையில் முகூர்த்த ஜாக்கெட்டுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வண்டி வந்து நின்றது. சந்தன நிற ரெக்சின், உள்ளே தடிமனான ஸ்பாஞ்சு, ஓரத்தில் காப்பி நிறத்தில் ஒரு பட்டை. ஒரு இடத்தில் சுருக்கம் கிடையாது. தெருவே வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனது.

பெல்ட் என்பது எங்கள் வீட்டில் போலீஸ் கேமராவுக்காகப் போடுவது. வண்ணார்பேட்டை ரவுண்டானா வரும்போது இவர் பட்டையை இழுத்து நெஞ்சுக்குக் குறுக்கே கையால் பிடித்துக்கொள்வார். லாக்கில் மாட்ட மாட்டார். கேமராவைத் தாண்டியதும் விட்டுவிடுவார், அது சர்ரென்று சுருண்டு போய்விடும். மாட்டாவிட்டால் வண்டி விடாமல் கத்துமே என்று கேட்கலாம். அதற்கும் வழி வைத்திருந்தார். பெல்ட் நுனியில் இருக்கிற இரும்பு நாக்கு மட்டும் தனியாகக் கடையில் விற்கிறது. அதை லாக்கில் சொருகிவிட்டால், ஆள் பெல்ட் போட்டாயிற்று என்று நம்பி வண்டி வாயை மூடிக்கொள்ளும். உயிரைக் காப்பாற்றக் கத்துகிற ஒன்றின் வாயை அடைக்கக் காசு கொடுத்துச் சாமான் வாங்குகிற புத்தியை என்னவென்று சொல்ல. நான் முன்சீட்டில் உட்காரும்போது என் பக்கத்து நாக்கைப் பிடுங்கி டாஷ்போர்டுப் பெட்டிக்குள் போட்டுவிட்டு ஒழுங்காகப் பெல்ட்டை மாட்டிக்கொள்வேன். "பயந்தாங்கொள்ளி" என்று சிரிப்பார். பின்சீட்டைப் பற்றி மட்டும் எங்கள் வீட்டில் பேச்சே வந்ததில்லை. பின்சீட்டைக் கேமரா பார்ப்பதில்லை.

மகளை ஏரலில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவளுக்குக் கல்யாணமான வருஷம் தலைதீபாவளிக்கு அழைக்கப் போனோம். இவர் ஓட்டினார், நான் முன்னால் இருந்தேன். பின்னால் இவருடைய அக்கா. நான் மதினி என்று கூப்பிடுவேன். அதிரசமும் முறுக்கும் வைத்த பெரிய தூக்குச்சட்டியை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டே வந்தார். கருங்குளம் தாண்டி, இரண்டு பக்கமும் வாழைத் தோட்டம். முன்னால் வாழைத்தார் ஏற்றிய குட்டியானை வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. ஆட்டுக்குட்டி குறுக்கே வந்ததோ என்னவோ, அது சட்டென்று நின்றது. இவரும் பிரேக்கை ஓங்கி மிதித்தார்.

மோதவில்லை. எங்கள் வண்டிக்கும் அந்த வாழைத்தாருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்க இடம் இருந்தது. என் பெல்ட் என்னை நெஞ்சோடு பிடித்துச் சீட்டில் நிறுத்தியது. இவர் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துத் தப்பித்துக்கொண்டார். மதினிக்குப் பிடிக்க ஒன்றுமில்லை. தூக்குச்சட்டியோடு எழும்பி வந்து, இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில் தோள் மடங்க விழுந்தார். பச்சைக் கம்பு ஒடிகிற சத்தம் ஒன்று கேட்டது. கியர் கம்பிக்குப் பக்கத்தில் அதிரசம் சிதறிக் கிடந்தது, அதன் மேல் ரத்தம்.

இவர் கதவைத் திறந்து இறங்கினார். பின் கதவுக்கு ஓடுவார் என்று நினைத்தேன். முன்பக்கம் போய்க் குனிந்து பம்பரைப் பார்த்தார். பிறகுதான் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "நல்லவேள, ஒரு கோடுகூட விழல" என்றார். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. வாழைத்தார் வண்டிக்காரர் தண்ணீர்ப் பாட்டிலோடு ஓடி வந்தவர், அதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார்.

மதினிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. முன்பல் ஒன்று போய்விட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர், "பின்னால பெல்ட் போடலையா?" என்று கேட்டார். மதினி அந்த வலியிலும் என்னைப் பார்த்து, "பின்னாலயும் பெல்ட் உண்டுமா ஏட்டி?" என்றார். டாக்டர் எழுதிக்கொண்டே போனார். எனக்கு அந்த இடத்திலேயே தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் போய்ப் பின் கதவைத் திறந்தேன். பட்டை அதன் இடத்தில் பத்திரமாக இருந்தது. இழுத்தேன், வந்தது. இரும்பு நாக்கைக் கையில் பிடித்துக்கொண்டு சொருகுவதற்கு லாக்கைத் தேடினேன். லாக் இல்லை. முதுகும் இருக்கையும் சேருகிற மடிப்புக்குள் விரலை விட்டுத் துழாவினேன். ரெக்சின்தான் தட்டுப்பட்டது. சீட்டை அழுத்திப் பார்த்தபோது ஸ்பாஞ்சுக்குக் கீழே கட்டி மாதிரி ஒன்று தட்டியது. பக்கத்தில் இன்னொன்று. லாக்குகளைக் கீழே அமுக்கி, அதன் மேல் கவரைப் போட்டு இழுத்துத் தைத்திருக்கிறான் அந்தக் கடைக்காரன். ஒரு துளைகூட விடவில்லை. அந்தச் சுருக்கமில்லாத அழகு அப்படித்தான் வந்திருக்கிறது.

மறுநாளே பேட்டைக்குப் போனோம். கடைக்காரருக்கு ஒன்றும் ஆச்சரியமில்லை. "எல்லாரும் அப்பிடித்தான் போடச் சொல்லுதாவ அக்கா. லாக்கு மேல துருத்திக்கிட்டு இருந்தா உக்காரும்போது குத்துதுன்னு சண்டைக்கு வாராவ. பின்னால யாரு பெல்ட் போடுதா?"

"போடணும்னு நெனச்சா எங்கன போடுறது?"

"முழுக்கக் கழத்தித் திரும்ப மாட்டணும் அக்கா. தீவாளி கழியட்டும். இப்ப வேல தலைக்கு மேல கெடக்கு." அதோடு என்னை விட்டுவிட்டு இவர் பக்கம் திரும்பிக்கொண்டார். "துளை போட்டா ஃபினிஷிங் போயிரும் அண்ணாச்சி. பொறவு என்னயக் குத்தம் சொல்லப்படாது."

ஃபினிஷிங் என்ற வார்த்தையைக் கேட்டதும் இவர் முகம் மாறிவிட்டது. "பொறவு பாத்துக்கிடலாம்" என்று என்னைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். அந்தக் கடைக்காரர்மேல்கூட எனக்குப் பாதிக் கோபம்தான். கேட்டதைத் தைத்துக் கொடுத்தார். நானும் கேட்டதைத் தைக்கிறவள்தான். ஆனால் மூச்சு விட முடியாத அளவுக்கு இறுக்கிப் பிடித்துத் தை என்று ஒருத்தி கேட்டால், முடியாது என்று சொல்ல எனக்கு வாய் இருக்கிறது.

வீட்டில் நடந்தது அதைவிடக் கேவலம். வண்டிக்குக் கண் பட்டுவிட்டது என்று முடிவாயிற்று. தெரு முனையில் பெரிய பூசணிக்காயைச் சுற்றி நடு ரோட்டில் போட்டு உடைத்தார்கள். அதில் வழுக்கி ஒரு பைக்காரர் விழப் போய்க் கால் ஊன்றித் தப்பித்தார். பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. வாராவாரம் பழம் மாற்றுவதற்கு இவருக்கு மறந்ததே இல்லை. தோளில் கட்டோடு சாய்ந்திருந்த மதினியும், "அந்தப் பச்ச வீட்டுக்காரி வண்டியத் தடவுனா பாத்தியா, அன்னைக்கே நெனச்சேன்" என்றார். பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும், உள்ளே இருக்கிற உடம்பு நிற்காது என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். பச்சை வீட்டுக்காரி பேரில் பழியைப் போட்டுவிட்டால் யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. எல்லாருக்கும் அது வசதியாக இருந்தது.

தீபாவளி போனது. ஐப்பசி மழையில் எப்படிப் பேட்டைக்குப் போவது என்றார். கார்த்திகையில் மாலை போட்டிருந்தார். மார்கழியில் வண்டிக்குப் புது வேலை ஆகாது என்றார். தை பிறந்ததும் மறந்துவிட்டார். நான் நினைவுபடுத்தினால் எரிந்து விழுந்தார். ஒருநாள் நானே தையலைப் பிரித்துவிடுகிறேன் என்று கத்தரியோடு போனேன். "ஏட்டி, ஜாக்கெட்டு தைக்கிற கையக் கொண்டு வண்டியில வைக்காத" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டார். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போனபோது நான் பஸ்ஸில் போனேன். சொந்தக் கார் இருக்கும்போது பஸ்ஸில் வந்தவள் என்று அதையும் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

இதற்கிடையில் மகள் உண்டானாள். ஆவணியில் வளைகாப்பு வைத்து, அதே கையோடு அவளைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டி வருவதென்று பேசி முடித்தார்கள். வழக்கமாக நடப்பதுதான். வளையல் போட்ட கையோடு பிள்ளைத்தாய்ச்சியைப் பின்சீட்டில் நடுவில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் பெண்கள் நெருக்கி உட்கார்ந்து, நல்ல நேரம் பார்த்து வண்டியை எடுப்பார்கள். நினைக்க நினைக்க எனக்குத் தூக்கம் போனது. கண்ணை மூடினால் அந்தப் பச்சைக் கம்பு ஒடிகிற சத்தம். அது மகளாக இருந்தால். அவள் வயிறாக இருந்தால்.

மகளோடு பரிசோதனைக்குப் போயிருந்தபோது டாக்டரம்மாவிடம் நானே கேட்டேன். கர்ப்பிணி கட்டாயம் பெல்ட் போட வேண்டும் என்று அவர் சொன்னார். கீழ்ப் பட்டை வயிற்றின் மேல் ஏறக் கூடாது, வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பில் படிய வேண்டும். மேல் பட்டை இரண்டு மார்புக்கும் நடுவில் வந்து வயிற்றின் ஓரமாக இறங்க வேண்டும். மகளை எழுந்து நிற்க வைத்துத் தன் கையாலேயே கோடு போட்டுக் காட்டினார். அளவெடுக்கிற எனக்கு அது அப்படியே மனதில் பதிந்துவிட்டது.

அன்று இவரிடம் சண்டை போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன். அவள் வரும்போது அந்த லாக் வெளியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவளைக் கூட்டி வர வேண்டாம் என்றேன். சரி என்றார். வளைகாப்புக்கு முந்தின நாள் வண்டியைக் கொண்டுபோய் அரை நாள் விட்டுவிட்டு வந்தார். "சரி பண்ணியாச்சா?" என்றேன். "ஆச்சு, ஆச்சு" என்றார். வண்டி கண்ணைப் பறித்தது. உள்ளே மல்லிகை செண்ட் வாடை. பின்சீட்டில் அதற்குள் சீர்த்தட்டுகளையும் வளையல் பெட்டியையும் அடுக்கி வைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் சொந்தக்காரர்கள் வேனில் போனார்கள், நாங்கள் தட்டுகளோடு காரில் போனோம்.

ஏரலில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. மகள் கை நிறைய வளையலோடு, மூச்சு வாங்கிக்கொண்டு, சிரித்தபடி வந்தாள். ஆரத்தி எடுத்தார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. "ராகு காலத்துக்கு முன்னால எடுத்துரணும்" என்று இவர் அவசரப்படுத்தினார். மகளை ஏற்றிவிட்டு அவள் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். அவளுடைய பட்டையை இழுத்து, டாக்டரம்மா காட்டிய மாதிரி வயிற்றுக்குக் கீழே படிய வைத்து, லாக்கைத் தேடினேன்.

ரெக்சின். சுருக்கமில்லாத, துடைத்து மினுங்குகிற ரெக்சின்.

நான் இறங்கினேன். "எங்கன இருக்கு லாக்கு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"வாட்டர் வாஷுக்கு விட்ட எடத்துல மறந்துட்டேன். இப்ப என்ன? பைய ஓட்டுதேன். ஏறு."

"போன தடவையும் பையத்தான் ஓட்டுனிய."

"ஏட்டி, எல்லாரும் பாக்காவ. ஏறி உக்காரு."

சம்பந்தியம்மா பக்கத்தில் வந்தார். நல்ல மனுஷிதான். "வயித்துப்பிள்ளைக்காரிக்குப் பெல்ட் ஆகாதும்மா, பிள்ளைய அமுக்கிரும்" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஆமாம் போட்டார்கள். அமுக்காது, எங்கே படிய வேண்டும் என்று டாக்டரம்மா காட்டியிருக்கிறார் என்றேன். இவர், "நல்ல காரியத்துல இப்பிடிப் பேசுதாளே" என்று சம்பந்தியிடம் வருத்தமாகச் சொன்னார். நான் கெட்டவள் ஆகிவிட்டேன். பிள்ளையைப் பாதுகாப்பாகக் கூட்டிப்போக வேண்டும் என்று சொல்கிறவள் அபசகுனம், நாலு பேர் பார்க்கிறார்கள் என்பவர் பொறுப்பான மனுஷன்.

என் கைப்பையில் எப்போதும் ஒரு கத்தரி இருக்கும். சின்னதுதான், ஆனால் கூர் உண்டு. மகளை இறங்கச் சொன்னேன். அவள் இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் மாமியார் பக்கத்தில் போய் நின்றாள். நான் பின்சீட்டில் முழங்கால் போட்டு ஏறினேன். கட்டி தட்டுப்பட்ட இடத்தை விரலால் அழுத்திப் பார்த்து, கத்தரி முனையை இறக்கினேன்.

தையலைப் பிரித்திருக்கலாம். எனக்கு அது தெரியும், அதற்கு நேரமும் இருந்தது. ஆனால் நான் பிரிக்கவில்லை. வெட்டினேன். ரெக்சின் கிழிகிற சத்தம் முற்றத்தில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. யாரோ, "ஐயோ புது கவரு" என்றார்கள். இவர் ஓடி வந்து என் தோளைப் பிடித்தார். திரும்பி ஒரு பார்வைதான் பார்த்தேன், கையை எடுத்துக்கொண்டார். இருபது வருஷத்துக்கு மேல் அந்த மனுஷனோடு குடும்பம் நடத்துகிறேன், அவர் என்னைப் பார்த்துப் பயந்தது அன்றைக்குத்தான். செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த மருமகன் பைய வந்து டார்ச் அடித்தார். ஸ்பாஞ்சைப் பிய்த்து எறிந்தேன். உள்ளே கறுப்பாக, ஒரு கீறல்கூட இல்லாமல், வாங்கின நாளிலிருந்து ஒரு தடவையும் மாட்டப்படாத லாக் தெரிந்தது. இழுத்து வெளியே விட்டேன். அடுத்ததையும் அதே மாதிரி வெட்டி எடுத்தேன்.

மகளை ஏற்றி உட்கார வைத்து, கீழ்ப் பட்டையை இடுப்பில் இறக்கி, மேல் பட்டையை நடுவில் விட்டு, நாக்கைச் சொருகினேன். டக்கென்று பிடித்தது. "அமுக்குதா?" என்று கேட்டேன். "இல்லம்மா" என்றாள். அதற்குப் பிறகுதான் நானும் மாட்டிக்கொண்டேன். அதற்குள் ராகு காலம் பிறந்துவிட்டது.

ஏரலிலிருந்து பாளையங்கோட்டை வந்து சேரும் வரை வழியில் ஒன்றும் நடக்கவில்லை. ஆடு வரவில்லை, மாடு வரவில்லை, யாரும் சட்டென்று பிரேக் போடவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் இவர் சொன்ன முதல் வார்த்தை, "பாத்தியா, ஒண்ணும் ஆவல. அநியாயமா நல்ல கவரக் கெடுத்துட்ட" என்பதுதான். எனக்கு அதைக் கேட்டு அழுகை வந்துவிட்டது. ஒன்றும் ஆகாமல் வந்து சேர்வதற்குத்தானே இத்தனையும். ஏதாவது ஆகியிருந்தால்தான் நான் செய்தது சரி என்று ஒத்துக்கொள்வார் என்றால், அந்த ஒத்துக்கொள்ளல் யாருக்கு வேண்டும்.

கிழித்த கதை சொந்தக்காரர் எல்லாரிடமும் போயிற்று. இவரே சொன்னார். முதலில் வருத்தமாக, அப்புறம் சிரிப்பாக. மகளுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வர நான் பின் கதவைத் திறந்தால், சீட்டின் மேல் ஒரு புது டர்க்கி டவல். நான்கு பக்கமும் இழுத்து மடிப்புக்குள் திணித்திருந்தது. லாக்குகள் திரும்பவும் அதற்கு அடியில். கேட்டால், "பாக்க அசிங்கமா இருந்துச்சுல்லா, நாலு பேரு ஏறுத வண்டி" என்கிறார்.

பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டிருந்ததால் நான் அப்போது கத்தவில்லை. டவலை ஒரே இழுப்பாக இழுத்து அவர் கையில் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் அதை நாலாகக் கிழித்து டயர் துடைக்க வைத்துவிட்டேன். அன்று மத்தியானமே கடையிலிருந்து தடி ஊசியும் நூலும் எடுத்து வந்து பின்சீட்டில் உட்கார்ந்தேன். வெட்டுவாயின் ஓரத்தை மடக்கி, நெருக்கமாக ஊசி போட்டு, சட்டைக்குப் பொத்தான் துளை எடுக்கிற மாதிரி இரண்டு லாக்குக்கும் காஜா போட்டேன். சந்தன நிற நூல் என்னிடம் இருந்தது. இவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "அந்தக் கலர் நூல்ல போடேன், தெரியாது" என்றார். அதனால்தான் சிவப்பு நூலில் போட்டேன். நல்ல ரத்தச் சிவப்பு. இனி அதை யாராலும் பார்க்காமல் இருக்க முடியாது. ஏறுகிறவர்கள் எல்லாரும் இது என்ன என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். இப்போது பேரனுக்குக் காரில் வைக்கிற குழந்தை இருக்கை வேண்டும் என்று சண்டை ஆரம்பித்திருக்கிறேன். "மடியில வச்சிக்கிட்டா ஆவாதா?" என்கிறார். மடியில் வைத்திருந்த தூக்குச்சட்டி எங்கே போய் விழுந்தது என்று அவருக்கு மறந்துவிட்டது.

போன வாரம் மதினியைத் தோளுக்கு வைத்தியம் பார்க்க நான்தான் வண்டியில் கூட்டிப் போனேன். எலும்பு கூடிவிட்டது, கை மட்டும் இன்னும் முழுசாக மேலே வரவில்லை. அவருக்குக் கொண்டை போட அவருடைய மகள் வர வேண்டியிருக்கிறது. முன்னால் உட்காருங்கள் என்றதற்குக் கேட்கவில்லை, பின்னால்தான் ஏறினார். ஏறினதும் சிவப்பு நூலை விரலால் தடவிப் பார்த்தார். லாக்கைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பட்டையை எடுக்கக் கையைத் தூக்கினார். கை காதுக்குக் கீழேயே நின்றுவிட்டது. மற்றக் கையால் எட்டப் பார்த்தார், அதற்கு உடம்பு திரும்பவில்லை.

"இழுத்து மாட்டி விடுட்டி" என்றார்.

இறங்கிப் போய் மாட்டிவிட்டேன். டக்கென்ற சத்தம் கேட்டதும் குனிந்து பார்த்தார்.

"இம்புட்டுதானா?"

"இம்புட்டுதான் மதினி."

அந்தக் காஜாவை இன்னொரு தடவை தடவிப் பார்த்தார். பச்சை வீட்டுக்காரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அன்னைக்கு இது கண்ணுல பட்டிருந்தா, என் கையாலயே மாட்டியிருப்பேன்லா" என்றார்.